எங்கள் தோட்டத்துத் துரை யார்? சீமைப் பதிவேடுகளில் ஒரு முன்னோரைத் தேடும் வழி

இலங்கையின் மலையகத்தில் எத்தனையோ குடும்பங்களில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா இருக்கிறார். அவரைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பேத்திக்குப் பூனைக்கண் இருந்தால், பேரனுக்குச் செம்பட்டை முடி இருந்தால், "அந்த வம்சம் அப்படித்தான்" என்று ஒரு வார்த்தை வரும், அதோடு பேச்சு நின்றுவிடும். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. என் அப்பாயி, அதாவது அப்பாவின் தாய், டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்த பெண்ணுக்கும் அதே தோட்டத்துத் துரைக்கும் பிறந்தவர். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்தத் துரையைத் தேடத் தொடங்கினேன். இன்று அவருடைய தாய் தகப்பன் பெயர், அவர்கள் குடியிருந்த தெரு, தகப்பன் செய்த தொழில் வரைக்கும் என்னிடம் காகிதம் இருக்கிறது. அதைக் கேள்விப்பட்டு அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கங்களிலிருந்து பலர் வந்து வழி கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். துரையின் பெயரை எழுதப் போவதில்லை. அவருக்கு இங்கிலாந்திலும் குடும்பம் இருந்தது, அந்த வழியில் வந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரு பெயரோடுதான் வருகிறார்கள். அந்தப் பெயரை வம்சாவளித் தளமொன்றில் தட்டிப் பார்த்திருப்பார்கள். நூற்றுக்கணக்கில் ஆட்கள் வந்து விழுந்திருப்பார்கள். அவர்களில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு, "இவராகத்தான் இருக்க வேண்டும்" என்று சொல்வார்கள். இந்த வழியில் போனால் கரை சேர முடியாது. நம் பாட்டிமார் துரைகளின் பெயரைத் தங்கள் நாவுக்கு ஏற்றபடி மாற்றித்தான் சொன்னார்கள். பாதித் துரைகளுக்கு நெட்டைத்துரை, தாடித்துரை, குதிரைத்துரை என்று லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வைத்த பெயர்தான் நிலைத்தது. ஆகவே பெயரைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். தோட்டத்தையும் ஆண்டையும் பிடியுங்கள். அந்த இரண்டும் உறுதியானால் பெயர் தானாக வந்து சேரும்.

வீட்டில் கேட்க வேண்டியவை

வயதானவர்களிடம் "துரை பெயர் என்ன?" என்று கேட்டால் "எனக்கென்ன தெரியும்" என்றுதான் பதில் வரும். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், அப்போது பெரிய கங்காணி யார், புது ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) கட்டியது அந்தத் துரை காலத்திலா அதற்கு முன்னா, அவர் பெரியதுரையா (தோட்டத்தின் மேலாளர்) சின்னதுரையா (அவருக்கு உதவியாளர்), பங்களாவில் வெள்ளைக்காரத் துரைசாணி இருந்தாரா என்று கேளுங்கள். ஆண்டு கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் பெரிய நிகழ்ச்சிகளோடு சேர்த்துக் கேட்டால் நினைவு வரும். முதலாம் யுத்தத்துக்கு முன்னா பின்னா? 1918இல் உலகமெல்லாம் பரவிய விஷக்காய்ச்சலின்போது பிள்ளை பிறந்திருந்ததா? பிந்திய காலத்துக் கதை என்றால், தொழிலாளர் பக்கம் நின்ற பிரேஸ்கேர்டில் துரையை நாடுகடத்த அரசாங்கம் முயன்ற 1937, முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் சுடப்பட்ட 1940, 1947இன் பெருவெள்ளம் ஆகியவற்றை வைத்துக் கேட்கலாம்.

பிறகு டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867இல் தொடங்கி 1897இல் கட்டாயமானது. துரைக்குப் பிறந்த பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கிடைத்தால், தகப்பன் பெயர்க் கட்டம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும், அல்லது தோட்டத்து ஆள் ஒருவரின் பெயர் இருக்கும். மனம் தளர வேண்டாம். தேதியும் இடமும்தான் நமக்கு வேண்டியவை. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்தால் மூலப் பதிவின் பிரதி கிடைக்கும். கையில் இருக்கும் சுருக்கப் பிரதியோடு திருப்தி அடையாமல், எல்லாக் கட்டங்களும் உள்ள பிரதியையே கேளுங்கள்.

என் அப்பாயியின் பதிவில் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. தகவல் கொடுத்தவர் என்ற கட்டத்தில் தோட்டத்துரையின் பெயர். அதைப் பார்த்ததும் வீட்டில் எல்லோரும் "இதோ, இவர்தான்" என்றார்கள். பார்த்தவுடன் அப்படித்தான் தோன்றும். ஆனால் தோட்டத்துப் பிறப்புகளைப் பதிவாளருக்கு அறிவிப்பது துரையின் கடமை. அந்த மாதம் அந்த லயத்தில் பிறந்த எல்லாப் பிள்ளைகளின் பதிவிலும் அதே பெயர் இருக்கும். ஆகையால் அந்தக் கட்டத்தை வைத்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள். அந்த நாளில் துரைப் பொறுப்பில் இருந்தவர் யார் என்பதை மட்டுமே அது சொல்கிறது.

தேவாலயப் பதிவேடுகளையும் விட்டுவிடாதீர்கள். 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் தோட்டம் தோட்டமாகப் போய் ஞானஸ்நானம் கொடுத்தது. இப்படிப் பிறந்த பிள்ளைகளைத் துரைமாரே மிஷன் பள்ளிகளில் சேர்த்ததும் உண்டு. நுவரெலியாவின் பெயின்டர் இல்லம் இப்படிப்பட்ட பிள்ளைகளை வளர்த்த இடம். பிள்ளைக்கு யார் பணம் கட்டினார்கள் என்ற ஒரு வரி பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் இருந்தால், அது பத்துக் கதைகளுக்குச் சமம்.

துரையைத் தோட்டத்தில் நிறுத்துதல்

அடுத்த வேலைக்கு ஒரே ஒரு புத்தகம்தான். பேர்குசன் டிரெக்டரி. சிலோன் ஒப்சேர்வர் பத்திரிகையை நடத்திய பேர்குசன் குடும்பம் வெளியிட்டது. தோட்டத்தின் பெயர், பரப்பு, உரிமையாளர், பெரியதுரை, சின்னதுரை என்று மாவட்டவாரியாக வரிசையாக இருக்கும். நம் ஆட்கள் தோட்டத்துக்கு ஒரு பெயர் சொல்வார்கள், வெள்ளைக்காரன் காகிதத்தில் வேறு பெயர் இருக்கும். இந்தச் சிக்கலுக்கும் அங்கேயே விடை உண்டு. பழைய டிரெக்டரிகளில் தோட்டங்களின் தமிழ்ப் பெயர்ப் பட்டியலும் அச்சாகியிருக்கிறது. கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இந்தத் தொகுதிகளைப் பார்க்கலாம். சில ஆண்டுகளின் தொகுதிகள் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்திலும் கிடைக்கின்றன.

பிள்ளை பிறந்த ஆண்டை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். முன்னும் பின்னும் சில ஆண்டுகளைப் பாருங்கள். ஓர் ஆண்டின் டிரெக்டரியில் உள்ள விவரம் முந்தின ஆண்டு திரட்டப்பட்டது. சின்னதுரைமார் ஒரு தோட்டத்தில் நிலையாக இருப்பதில்லை. பெரியதுரை விடுப்பில் சீமைக்குப் போனால் பதில்துரை வருவார். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆண்டு, பெரியதுரை, சின்னதுரை என்று மூன்று பத்தி போட்டு எழுதுங்கள். பெயர்கள் தலைப்பெழுத்தோடு மட்டுமே இருக்கும். அந்தத் தலைப்பெழுத்துகளை ஒன்று விடாமல், வரிசை மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே குடும்பப் பெயருள்ள இரண்டு பேரைப் பிற்பாடு பிரித்துக் காட்டப்போவது அவைதான்.

கல்லறைகளையும் பார்க்கலாம். டிக்கோயா வார்லி தேவாலயம் 1878இல் கட்டப்பட்டது, அதன் வளவில் தோட்டக்காரர்களின் கல்லறைகள் இருக்கின்றன. நுவரெலியாவின் திரித்துவத் தேவாலயம், கண்டியின் பழைய கரிசன் மயானம், மகியாவ மயானம் ஆகியவற்றிலும் தேடலாம். உலகறிந்த புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1879இல் இங்கேதான் இறந்தார், பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவில் கணவரோடு அடக்கமாகியிருக்கிறார். பாசி பிடித்த கல்லைக் கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், சுண்ணாம்புக்கட்டியால் எழுத்துகளை நிரப்பாதீர்கள். இரண்டும் கல்லைக் கெடுக்கும். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால் மங்கிய எழுத்தும் நிழல் கட்டித் தெரியும், அப்போது படம் எடுத்துக்கொள்ளலாம். கல்லே போய்விட்டால், பென்றி லூயிஸ் என்ற அரசாங்க அதிகாரி 1913இல் வெளியிட்ட இலங்கைக் கல்லறைக் கல்வெட்டுத் தொகுப்பைப் பாருங்கள். ஆனால் இங்கே புதைந்தவர்கள் இங்கே இறந்தவர்கள் மட்டுமே. வேலை முடிந்து சீமைக்குத் திரும்பிய துரைமாரே அதிகம்.

சீமைப் பக்கம்

இங்கிருந்து இங்கிலாந்துப் பதிவுகளுக்குப் போக வேண்டும். முதலில் ஓர் எச்சரிக்கை. வெள்ளைக்காரன் என்றால் இந்தியா அலுவலகப் பதிவுகளில் இருப்பான் என்று சிலர் அங்கே தேடி மாதக்கணக்கை வீணாக்குகிறார்கள். இலங்கை ஆரம்ப சில ஆண்டுகளைத் தவிர கிழக்கிந்தியக் கம்பெனியின் கீழ் இருந்ததில்லை. அது முடிக்குரிய குடியேற்ற நாடு. அதன் அரசாங்கக் கடிதங்கள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் சிஓ 54 என்ற தொடரில் இருக்கின்றன. சாதாரணத் தோட்டத்துரைக்கு அதுவும் அவ்வளவாகத் தேவைப்படாது.

தலைப்பெழுத்தை முழுப்பெயராக்க எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழி மரணசாசனக் குறிப்பேடு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1858 முதல் ஆண்டுதோறும் தொகுக்கப்படுவது. சொத்து விட்டு இறந்தவரின் முழுப்பெயர், கடைசி முகவரி, இறந்த தேதியும் இடமும், சொத்தைப் பொறுப்பேற்றவர்களின் பெயர், சொத்தின் மதிப்பு எல்லாம் நாலைந்து வரிகளில் இருக்கும். இலங்கையிலேயே இறந்திருந்தாலும் இங்கிலாந்தில் வங்கிக் கணக்கு இருந்தால் இதில் வர வாய்ப்புண்டு. தோட்டத்தின் பெயரும் சிலோன் என்ற சொல்லும் முகவரியிலேயே இருந்தால் அதிர்ஷ்டம்தான். குறிப்பேட்டை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சாசனத்தின் பிரதியைப் பணம் கட்டி வாங்கலாம், வாங்குங்கள். அண்ணன் தம்பி, அக்காள் தங்கை, மருமக்கள் எல்லோரும் அதில் பெயரோடு வருவார்கள். இறந்த ஆண்டில் இல்லையென்றால் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளிலும் பாருங்கள், குறிப்பேடு சாசனம் உறுதியான ஆண்டின்படி அமைந்தது.

அடுத்து கப்பல் பட்டியல். இதைத்தான் எல்லோரையும் பொறுமையாகப் பார்க்கச் சொல்கிறேன், எங்கள் குடும்பத்தின் கேள்வி இங்கேதான் தீர்ந்தது. பிரித்தானியத் துறைமுகங்களுக்கு வந்தவர்களின் பட்டியல் பிடி 26, 1878 முதல் இருக்கிறது. அங்கிருந்து புறப்பட்டவர்களின் பட்டியல் பிடி 27, 1890 முதல் இருக்கிறது. இரண்டும் 1960 வரை. பெயர், வயது, தொழில், ஏறிய துறைமுகம், இறங்கிய துறைமுகம் இருக்கும். 1920களிலிருந்து சீமை முகவரியும் சேர்ந்து வரும். பி அண்ட் ஓ, பிபி கம்பெனிக் கப்பல்களில் கொழும்பு என்ற இறங்குதுறையும் தோட்டக்காரர் என்ற தொழிலும் தெரிந்தால் நின்று பாருங்கள்.

எங்கள் வீட்டில் பரம்பரையாகச் சொன்னது, தகப்பன் பெரியதுரை என்று. அப்பாயி பிறந்தது 1912 மார்ச்சில். ஒன்பது மாதத்தைப் பின்னோக்கி எண்ணினால் 1911 ஜூன். இங்கிலாந்தின் குடிசனக் கணக்கு 1911 ஏப்ரல் 2ஆம் தேதி எடுக்கப்பட்டது. அதில் பெரியதுரை இருக்கிறார். தன் தமக்கை வீட்டில், விருந்தினர் என்ற குறிப்போடு, தொழில் சிலோனில் தேயிலைத் தோட்டக்காரர் என்று. அதே ஆண்டு ஒக்டோபரில் லண்டனிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட கப்பலின் பட்டியலிலும் அவர் பெயர் இருக்கிறது. இடையில் அவர் வந்து போனதற்கு எந்தப் பட்டியலிலும் தடயம் இல்லை. ஜூன் மாதத்தில் டிக்கோயாவில் இருந்தவர் சின்னதுரை. அவரே அப்போது பெரியதுரையின் பொறுப்பையும் பார்த்திருக்கிறார். நூறு ஆண்டாகப் பெரியதுரை என்று சொல்லிவந்த கதை, இரண்டு காகிதங்களின் முன்னால் நிற்கவில்லை. நீங்களும் இதைச் செய்யுங்கள். பிள்ளை பிறந்த தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, அந்த மாதத்தில் யார் தீவில் இருந்தார், யார் இல்லை என்று ஒவ்வொருவராகக் கழியுங்கள்.

ஆளும் முழுப்பெயரும் உறுதியான பிறகு, அவரிடமிருந்து மேல்நோக்கி ஏறுவது உண்மையில் எளிது. இங்கிலாந்து, வேல்ஸில் அரசாங்கப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1837 ஜூலை 1ஆம் தேதி தொடங்கியது. அட்டவணைகள் காலாண்டுவாரியாக, மார்ச், ஜூன், செப்டெம்பர், டிசம்பர் என்று பிரிந்திருக்கும். பிறந்த காலாண்டில் இல்லாவிட்டால் அடுத்ததில் பாருங்கள், பதிவதற்குப் பெற்றோருக்கு 42 நாள் அவகாசம் இருந்தது. ஃப்ரீபிஎம்டி என்ற தளம் இந்த அட்டவணைகளை இலவசமாகத் தருகிறது. பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் சொந்தத் தளத்தில் உள்ள அட்டவணை இன்னும் மேலானது. பழைய அட்டவணையில் 1911 செப்டெம்பர்க் காலாண்டுக்கு முன் தாயின் பிறந்தவீட்டுப் பெயர் கிடையாது. அந்தத் தளத்தில் 1837 முதலே தந்திருக்கிறார்கள், இறப்புகளுக்கு வயதையும் தந்திருக்கிறார்கள். இந்தத் தாய்வழிப் பெயர் எவ்வளவு பெரிய உதவி என்பது, ஒரே பெயரில் ஒரே ஆண்டில் மூன்று பிள்ளைகள் வந்து நிற்கும்போது தெரியும். அட்டவணையில் மாவட்டம், தொகுதி, பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு பத்திரத்துக்கு விண்ணப்பியுங்கள். இணையத்திலேயே பணம் கட்டலாம்.

துரை வேலையிலிருந்து ஓய்வு பெற்று 1939க்கு முன் ஊர் திரும்பியிருந்தால் ஒரு குறுக்குவழி இருக்கிறது. யுத்தம் தொடங்கியதும் 1939 செப்டெம்பர் 29ஆம் தேதி அங்கே எல்லோரையும் பதிந்தார்கள். அதில் வயதுக்குப் பதில் பிறந்த தேதியே எழுதப்பட்டது. எங்கள் துரையைப் பற்றிய அந்த வரியில் ஓய்வு பெற்ற தேயிலைத் தோட்டக்காரர் என்ற தொழிலும், நாள், மாதம், ஆண்டு மூன்றும் கிடைத்தன. பிறப்புப் பத்திரத்தை எடுக்க அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

குடிசனக் கணக்குகள் 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை பெயரோடு இருக்கின்றன. 1921 வரை பார்க்கலாம். நூறு ஆண்டு கழிந்த பிறகே திறப்பார்கள். 1931இன் கணக்கு 1942இல் தீயில் எரிந்துபோனது, 1941இல் கணக்கே எடுக்கவில்லை, அதனால் அவற்றைத் தேடி அலைய வேண்டாம். 1841இல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதியிருப்பார்கள், 34 வயதுக்காரர் 30 என்று இருப்பார். 1881இன் கணக்கைப் பேமிலிசேர்ச் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். துரை சிறுவனாக இருந்த வீட்டைத் தேடுங்கள். தகப்பனின் தொழில், வேலைக்காரர்கள் எத்தனை பேர், பிள்ளைகள் எங்கெங்கே பிறந்தார்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் தெரியும். எங்கள் துரையின் தகப்பன் கடைக்காரர். துணிக்கடை. பங்களாவில் துரை இருந்த தோரணையைப் பற்றி அப்பாயியின் தாய் சொன்ன கதைகளையெல்லாம் அதற்குப் பிறகு வேறு விதமாக நினைத்துப் பார்த்தேன்.

1911இன் படிவத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குடும்பத் தலைவர் தன் கையால் நிரப்பிய தாளே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. திருமணமான பெண்ணுக்கு எத்தனை பிள்ளைகள் பிறந்தார்கள், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டிருந்தார்கள். சிலோனுக்குப் போன மகனின் பெயர் அந்த வீட்டாரின் வரிசையில் இருக்காது. ஆனால் தாயின் எண்ணிக்கையில் அவன் இருப்பான். எங்கள் துரையின் தாய் ஆறு பிள்ளைகள் பிறந்து ஐந்து பேர் உயிரோடு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். மற்ற நால்வரை அதே ஆண்டுக் கணக்கில் இங்கிலாந்திலேயே கண்டுபிடித்தேன். ஐந்தாமவர் டிக்கோயாவில் இருந்தார். பெயர் எழுதாத இடத்திலும் ஆளைக் காணலாம் என்பதற்கு இதைவிட நல்ல காகிதத்தை நான் பார்க்கவில்லை.

திருமணப் பத்திரங்கள் கிடைத்தால் வாங்குங்கள், மணமக்கள் இருவரின் தகப்பன் பெயரும் தொழிலும் அதில் இருக்கும். அதைக் கொண்டு ஒரு தலைமுறை மேலே போகலாம். 1837க்கு முன்னால் போனால் பங்குத் தேவாலயப் பதிவேடுகள். அவை 1538இல் தொடங்கியவை. 1813 முதல் ஞானஸ்நானத்துக்கு அச்சிட்ட படிவம் வந்ததால் பெற்றோரின் இருப்பிடமும் தகப்பனின் தொழிலும் கிடைக்கும்.

எல்லா வெள்ளைத்துரையும் இங்கிலீஷ்காரர் அல்லர். ஸ்கொட்லாந்துக்காரர்கள் இங்கே நிறைய இருந்தார்கள். லூல்கந்துரவில் 1867இல் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரும் அங்கிருந்து வந்தவர்தான். இங்கிலாந்து அட்டவணையில் பிறப்பே இல்லையென்றால் ஸ்கொட்லாந்துப் பக்கம் பாருங்கள். அங்கே பதிவு 1855இல் தொடங்கியது, தனித் தளம் இருக்கிறது, இறப்புப் பத்திரத்தில் இறந்தவரின் தாய் தகப்பன் இருவரின் பெயரும் வரும். துரை முதலாம் யுத்தத்துக்குப் போனவர் என்றால் சிலோன் தோட்டக்காரர் ரைபிள் படையைத் தேடுங்கள். அதிலிருந்து ஒரு பிரிவு 1914இல் எகிப்துக்குப் போய், பிறகு துருக்கியின் கலிப்போலியில் இருந்தது. சாதாரண வீரர்களின் சேவைக் கோப்புகளில் பாதிக்கு மேல் 1940இன் குண்டுவீச்சில் எரிந்துவிட்டன, பதக்க அட்டைகள் இருக்கின்றன. யுத்தத்தில் இறந்திருந்தால் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் தளம் போதும்.

பணம் கட்டும் தளங்களைப் பற்றி ஒன்று. ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் இரண்டும் நம் வருமானத்துக்குப் பாரம்தான். இலவச அட்டவணைகளில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து, எந்தப் பெயர், எந்த ஆண்டு, எந்தத் தொடர் என்று பட்டியல் எழுதி முடித்த பிறகு ஒரே ஒரு மாதத்துக்குச் சந்தா கட்டுங்கள். புதுப்பிப்பை நிறுத்தி வைக்க மறக்காதீர்கள். வெளிநாட்டில் உறவினர் இருந்தால் அங்குள்ள பொது நூலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள், பல நூலகங்களில் இந்தத் தளங்களை இலவசமாகப் பார்க்க விடுகிறார்கள்.

மரபணுப் பரிசோதனை காகிதத்தின் இடத்தைப் பிடிக்காது, காகிதம் சொன்னதை உறுதிசெய்யும். கொள்ளுத்தாத்தாவின் பங்கு நம் உடம்பில் சராசரியாக எட்டில் ஒன்று. குடும்பத்தில் வயதில் மூத்தவர், தலைமுறையில் அவருக்கு அருகில் இருப்பவர் எடுப்பது நல்லது. கனடாவில் இருக்கும் என் அத்தை மகள் எடுத்தபோது, சின்னதுரையின் சகோதரி வழியில் வந்த ஒருவரோடு பொருந்தியது. துரைக்கு உடன்பிறந்த ஆண்களும் இலங்கைக்கு வந்திருந்தால் பரிசோதனை அவர்களைப் பிரித்துக் காட்டாது. அங்கே மறுபடியும் கப்பல் பட்டியலும் டிரெக்டரியும்தான் கை கொடுக்கும்.

அவளைத் தேடுதல்

துரையின் பெயர் பதிவேடு பதிவேடாக வரும். பள்ளிக்கூடம், கப்பல், படை, தோட்டம், வங்கி, கல்லறை எல்லாவற்றிலும் அவர் இருக்கிறார். அவரோடு பிள்ளை பெற்ற பெண், தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலில் ஒரு வரி. பெரும்பாலான தோட்டங்களில் அந்தச் செக்ரோலும் இன்று இல்லை. இந்தத் தேடலில் இறங்கும் பலர் துரையின் வம்சத்தைப் பத்துத் தலைமுறைக்கு எழுதிவிட்டு, கொள்ளுப்பாட்டியின் இடத்தில் "தோட்டத் தொழிலாளி" என்று போடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அவளுக்கும் பெயர் இருந்தது, தமிழ்நாட்டில் ஊர் இருந்தது.

1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் நம்மவர்கள் கொடுத்த விண்ணப்பங்களின் நகல்களைத் தேடுங்கள். 1951 ஓகஸ்ட் வரை விண்ணப்பிக்க அவகாசம் இருந்தது. இலங்கையில் எவ்வளவு காலம் இருந்தோம் என்று நிரூபிக்க வேண்டியிருந்ததால், எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டு முதல், யார் பிள்ளை என்ற விவரங்கள் அவற்றில் இருக்கும். நம்மைக் குடியுரிமையற்றவர்களாக்கிய காலத்தின் காகிதங்கள்தான், இன்று நம் பாட்டிமாரின் வரலாற்றுக்குச் சான்று. 1964இன் இலங்கை இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியா போன உறவினர்களின் கடவுச்சீட்டுகளில் ஊர்ப் பெயர் இருக்கலாம், நீலகிரியிலும் திருச்சியிலும் இருக்கும் சொந்தங்களுக்கு எழுதிக் கேளுங்கள். துரைக்குத் திறக்கும் கோப்பில் பாதி அளவுக்காவது அவளுக்கும் ஒரு கோப்புத் திறந்து, கேட்ட கதையைச் சொன்னவர் பெயரோடு எழுதி வையுங்கள். அவள் விரும்பித்தான் பங்களாவுக்குப் போனாளா என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. அதைப் பற்றி வீட்டில் யாராவது ஏதாவது சொன்னால், மாற்றாமல் அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள்.

இதைத் தேடினால் விசா கிடைக்குமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பொதுநலவாய நாட்டுக் குடிமகனுக்குப் பிரித்தானியாவில் பிறந்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால் வம்சாவளி விசாவுக்கு விண்ணப்பிக்க வழியுண்டு. கொள்ளுத்தாத்தா அதற்குப் போதாது.

கடைசியாக, சீமையிலுள்ள உறவினர்களுக்கு எழுதுவது. மரணசாசனத்திலும் மரபணுப் பொருத்தத்திலும் கிடைத்த பெயர்களைக் கொண்டு அவர்களைக் கண்டுபிடிக்க முடியும். முதல் கடிதத்தில் "நான் உங்கள் சொந்தம்" என்று தொடங்காதீர்கள். இன்ன ஆண்டுகளில் டிக்கோயாவில் வேலை பார்த்த இன்னாரின் வாழ்க்கையை ஆராய்கிறேன், அவர் சிலோனிலிருந்து எழுதிய கடிதங்களோ எடுத்த படங்களோ உங்களிடம் இருக்கின்றனவா என்று கேளுங்கள். தோட்டத்தின் இன்றைய படம் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். அவர்கள் பதில் எழுதி, தாமாக மேலே கேட்டால், அப்போது காகிதங்களின் பிரதிகளோடு உண்மையைச் சொல்லுங்கள். பணமோ சொத்தோ கேட்கவில்லை என்பதை அந்தக் கடிதத்திலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். எனக்குப் பதில் வர ஏறக்குறைய ஓராண்டு ஆனது. அதில் பங்களா வாசலில் எடுத்த ஒரு படத்தின் பிரதி இருந்தது. துரை, சமையற்கார அப்பு, இரண்டு நாய்கள், ஓரத்தில் கூடையோடு நிற்கும் பெண்கள் சிலர். அவர்களில் யார் எங்கள் கொள்ளுப்பாட்டி என்று அடையாளம் காண, இப்போது தோட்டத்தில் உயிரோடு இருக்கும் வயதானவர்களிடம் அந்தப் படத்தை ஒவ்வொருவராகக் காட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.